மாட்டின் கண்ணில் நீர் வடிந்தால்

மண்சரிவு அபாயம் என்று அறிவித்து லயங்களிலிருந்து வெளியேற்றப்பட்ட பதினொரு குடும்பங்கள், மடுல்சீமைப் பக்கத்தில் ஒரு தற்காலிகக் குடியிருப்பில் இருந்தன. மனிதருக்குத் தறப்பாள் கூடாரம். மாடுகளுக்கு நீளமான ஒரே தகரக் கொட்டில். முன்பு ஆளுக்கொரு மூலையில் தனித்தனியாகக் கட்டியிருந்த மாடுகள் இப்போது ஒன்றோடொன்று உரசிக்கொண்டு நின்றன. ஓர் ஆவணி மாதப் பகலில் நான் அங்கே போயிருந்தேன். கச்சான் காற்று புழுதியை அள்ளி வீசிக்கொண்டிருந்தது.

ஒரு பாட்டி என்னைக் கொட்டிலுக்கு அழைத்துப் போனார். "சாமி, நம்ம செவலைக்கு ரெண்டு நாளா ஒரு கண்ணுல தண்ணியா ஊத்துது. வெளிச்சத்தப் பாத்தா கண்ண மூடிக்குது. ஏதாச்சும் மருந்து இருக்குங்களா?" என்று கேட்டார். அவருக்கு இருந்தது அந்த ஒரு பசுதான். காலையில் ஊற்றும் பாலின் காசில்தான் இரண்டு பேரப்பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தார்கள்.

என் பையில் ஒரு கண் களிம்பு இருந்தது. எனக்கு ஒருமுறை கண் சிவந்தபோது வைத்தியர் எழுதித் தந்ததில் மிச்சம். மனிதருக்கு ஆகுமென்றால் மாட்டுக்கும் ஆகும்தானே என்று எண்ணி அதைக் கொடுத்துவிட்டு வந்தேன். பாட்டி அதைக் காலையும் மாலையும் தவறாமல் போட்டிருக்கிறார். ஒன்பதாம் நாள் அந்தக் கண் உடைந்துவிட்டது.

அதன்பின் வந்த மிருக வைத்தியர் களிம்பின் குழாயை வாங்கி எழுத்தைப் படித்தார். "இதில் ஸ்டெரொயிட் இருக்கிறது. கண்ணில் புண் இருக்கும்போது இதைப் போட்டால் புண் ஆறாது, ஆழமாகும், கடைசியில் ஓட்டை விழும்" என்றார். அதற்குள் அதே கொட்டிலில் மேலும் ஐந்து மாடுகளுக்குக் கண்ணில் நீர் வடிந்துகொண்டிருந்தது. அந்த ஐந்தின் கண்களும் தப்பின. பாட்டியின் செவலைக்கு ஒரு கண் போயிற்று. பாட்டி என்னை ஒரு வார்த்தையும் குறை சொல்லவில்லை. ஆனால் அந்தப் பிழை என்னுடையதுதான்.

அன்று வைத்தியரிடமும், பின்னர் பல கொட்டில்களிலும் கற்றுக்கொண்டதை இங்கே எழுதுகிறேன். வேறொரு குடும்பத்துக்கு இந்த இழப்பு வரக்கூடாது என்பதே நோக்கம். கால்நடைகளின் கண்நோய்களில் பெரும்பாலானவற்றைத் தடுக்கலாம். வந்துவிட்டாலும் முதல் இரண்டு மூன்று நாட்களுக்குள் சரியானதைச் செய்தால், பெரும்பாலும் கண்ணைக் காப்பாற்றலாம். அந்த நாட்களில் தவறானதைச் செய்வதாலும், ஒன்றும் செய்யாமல் இருப்பதாலும்தான் கண் போகிறது.

தொற்றும் கண்நோய்

செவலைக்கு வந்தது மாடுகளுக்குப் பரவலாக வரும் தொற்றுக் கண்நோய். மொரக்செல்லா போவிஸ் என்ற பற்றீரியாவே இதற்கு முக்கிய காரணம். முதல் நாள் கண்ணீர் வடியும். கன்னத்து மயிர் நனைந்து கோடாகத் தெரியும். மாடு வெளிச்சத்துக்குக் கண்ணைச் சுருக்கும். இமை வீங்கி உட்புறம் சிவக்கும். ஓரிரு நாளில் கருவிழியின் மேலுள்ள கண்ணாடி போன்ற படலத்தின் நடுவில் சிறு வெள்ளைப் புள்ளி தோன்றும். அந்தப் புள்ளிதான் புண். அது பெரிதாகும்போது கண் முழுவதும் நீலம் கலந்த வெண்மையாக மங்கும்.

உடம்பு தானாகவே புண்ணை ஆற்ற முயலும். கண்ணின் ஓரத்திலிருந்து சிவந்த இரத்த நாளங்கள் நடுவை நோக்கி வளரும். இதைப் பார்த்து, நோய் முற்றிவிட்டது என்று பலர் பயப்படுகிறார்கள். உண்மையில் பல வேளைகளில் அது புண் ஆறுவதன் அடையாளம். சில வாரங்களில் சிவப்பு மறைந்து ஒரு வெண்தழும்பு மட்டும் நிற்கும். தழும்பு சிறியதானால் பார்வை பெரும்பாலும் திரும்பிவிடும். புண் ஆழமாகி உடைந்தால் பார்வை திரும்பாது.

இந்தக் கிருமியை ஒரு மாட்டிலிருந்து இன்னொரு மாட்டுக்குக் கொண்டுபோவது முக்கியமாக ஈ. கண்ணீரைக் குடிக்க வரும் ஈயின் காலிலும் வாயிலும் கிருமி ஒட்டிக்கொள்ளும். நம்முடைய கையும், கண்ணைத் துடைக்கும் துணியும், கயிறும் அதே வேலையைச் செய்யும். நோய் தீர்ந்த மாடும் பல மாதங்கள் வரை கிருமியைக் கண்ணிலும் மூக்கிலும் சுமந்திருக்கலாம். கன்றுகளுக்கும் இளம் மாடுகளுக்குமே இது அதிகம்.

நமது மலையில் ஏன்? நம்மிடம் ஏன்?

கிருமி மட்டும் வந்தால் போதாது. கண்ணின் மேற்பரப்பில் கீறலோ எரிச்சலோ இருந்தால்தான் அது எளிதில் பிடித்துக்கொள்ளும். ஊவா மலைகளில் அதற்கு வேண்டியதெல்லாம் உண்டு. தேயிலைக்கு மணம் கொடுப்பது ஆடி, ஆவணி மாதங்களின் வரண்ட கச்சான் காற்று. அதே காற்று மாட்டின் கண்ணில் புழுதியைக் கொட்டுகிறது. பற்றனை நிலத்து மானாப்புல் முற்றிக் காய்ந்து, குனிந்து மேயும் மாட்டின் கண்ணைக் கீறுகிறது. கவாத்து வெட்டிய தேயிலையின் கூரிய குச்சிகளும் அப்படித்தான். உயரம் கூடக் கூட வெயிலில் உள்ள புறஊதாக் கதிரும் கூடுகிறது. ஆயிரம் மீற்றருக்கு ஏறக்குறைய பத்து வீதம் அதிகரிக்கும். முகம் வெளுத்த மாட்டின் கண்ணை அது இன்னும் கூடுதலாகத் தாக்கும்.

இடம்பெயர்ந்த குடும்பங்களுக்கு இவற்றோடு இன்னொன்றும் சேர்கிறது. 2014 ஒக்ரோபர் 29இல் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. 2025 நவம்பரில் டித்வா புயலின் மழை பதுளை மாவட்டத்தின் பல சரிவுகளை உடைத்தது. அதற்கும் முன்னர் 1977, 1981, 1983 ஆண்டுகளின் வன்செயல்களில் மலையகத்தைவிட்டு வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போனவர்கள் உண்டு. அங்கே தேடிய மாடுகளைப் பின்னர் போரில் இழந்தவர்களும் நம்மிடையே உண்டு. ஒவ்வொரு முறையும் நடப்பது ஒன்றே. பல வீட்டு மாடுகள் ஒரே இடத்தில் சேர்கின்றன. சாணம் அள்ள இடமில்லை, ஈ பெருகுகிறது. பச்சைப்புல் கிடைக்காமல் வைக்கோலும் தவிடும் மட்டுமே தீனியாகிறது. ஒரு மாட்டில் இருந்த நோய் பத்து மாடுகளுக்கு வருகிறது. அப்படி வரும்போது அது விதியல்ல, இடநெருக்கடி. இடநெருக்கடிக்கு நாம் ஏதாவது செய்யலாம்.

முதல் மூன்று நாட்கள்

கண்ணீர் வடிகிறது என்று கண்டவுடன் செய்யவேண்டியவை ஐந்து.

முதலாவது, மாட்டைப் பிரித்துக் கட்டுங்கள். தனிக் கொட்டில் இல்லாவிட்டால் கொட்டிலின் காற்று இறங்கும் பக்கக் கடைசியில் கட்டி, அடுத்த மாட்டுக்கு இடையில் ஒரு தட்டி வையுங்கள்.

இரண்டாவது, நிழல் கொடுங்கள். புண்பட்ட கண்ணுக்கு வெயில் பெரும் வேதனை. பகலில் கொட்டிலிலேயே வைத்து, புல்லை அறுத்துப் போடுங்கள்.

மூன்றாவது, கண்ணைக் கழுவுங்கள். அரை லீற்றர் நீரைக் கொதிக்கவைத்து, தலை தட்டிய ஒரு சிறு தேக்கரண்டி உப்பைக் கரைத்து, நன்றாக ஆறவிடுங்கள். மாட்டின் தலையை ஒருவர் பிடிக்க, மூக்குப் பக்கத்து மூலையிலிருந்து வெளிப்பக்கமாக மெதுவாக ஊற்றிக் கழுவுங்கள். துணியால் விழியைத் தேய்க்காதீர்கள். இமைக்கு வெளியே உள்ள பீளையை மட்டும் நனைந்த சுத்தமான துணியால் ஒற்றியெடுத்து, அந்தத் துணியை எரித்துவிடுங்கள்.

நான்காவது, கண்ணைத் திறந்து பாருங்கள். புல் நுனி, உமி, தூசி, புழு ஏதாவது இருக்கிறதா? கண்டால் உப்புநீரால் கழுவி வெளியே கொண்டுவர முயலுங்கள். விழியில் குத்திக்கொண்டு நிற்பதை நீங்கள் பிடுங்க வேண்டாம்; வைத்தியர் வரட்டும்.

ஐந்தாவது, அன்றைக்கே மிருக வைத்திய அலுவலகத்துக்குச் சொல்லுங்கள். தொற்றுக் கண்நோய்க்கு ஒக்சிரெற்றாசைக்கிளின் ஊசி நல்ல பலன் தரும். அது இரத்தத்தின் வழியாகக் கண்ணீரிலும் வந்து சேர்ந்து கிருமியைத் தாக்கும். எவ்வளவு, எத்தனை முறை என்பதை மாட்டின் எடையைப் பார்த்து வைத்தியரே தீர்மானிக்கவேண்டும். ஊசி போட்டபின் எத்தனை நாள் பாலை ஊற்றக்கூடாது என்று மறவாமல் கேளுங்கள். மருந்து கலந்த பாலைக் குடிப்பவர் உங்கள் பிள்ளையாகவும் இருக்கலாம்.

மாடுகளைக் கவனிக்கும்போது நல்ல மாட்டை முதலிலும் நோயுற்ற மாட்டைக் கடைசியிலும் கவனியுங்கள். பிறகு கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள்.

கண்ணில் போடக்கூடாதவை

நம் முன்னோர் மாடுகளை நன்கு கவனித்தவர்கள். மாட்டு வாகடம் என்று சுவடிகளில் எழுதிவைக்கும் அளவுக்கு அறிவு இருந்தது. அதை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் சில பழக்கங்கள் கண்ணைக் கெடுக்கின்றன என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

வெற்றிலை, புகையிலை மென்று கண்ணில் துப்புவது, உப்புத்தூளை ஊதுவது, சுண்ணாம்பு தடவுவது, செடியின் பாலை விடுவது, கண்ணுக்குப் பக்கத்தில் சூடு வைப்பது ஆகியவற்றை விட்டுவிடுங்கள். "போட்டதும் தண்ணி கொட்டி அழுக்கெல்லாம் வெளிய வருதே" என்று ஓர் ஐயா என்னிடம் வாதாடினார். வருவது அழுக்கல்ல, எரிச்சலின் கண்ணீர். புண்ணின் மேல் இன்னொரு புண் உண்டாகிறது. சில மாடுகள் இதற்குப் பிறகும் சுகமாவது உண்மை. அவை மருந்தால் அல்ல, மருந்தையும் தாங்கிக்கொண்டு சுகமானவை.

நான் செய்த பிழையையும் இந்தப் பட்டியலில் சேர்க்கிறேன். மனிதருக்குத் தந்த கண் மருந்தின் மிச்சத்தை மாட்டுக்குப் போடாதீர்கள். கண் களிம்புகளில் சிலவற்றில் கிருமிநாசினி மட்டும் இருக்கும். சிலவற்றில் ஸ்டெரொயிட்டும் சேர்ந்திருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் குழாய்கள் ஒன்றுபோலவே இருக்கும். ஸ்டெரொயிட் போட்டவுடன் சிவப்புக் குறைந்து, குணமாவது போலத் தோன்றும். உள்ளே புண் ஆழமாகிக்கொண்டிருக்கும்.

கொட்டிலுக்கு அடித்த சுண்ணாம்பு, தேயிலைக்கு அடிக்கும் களைநாசினி, பூச்சிநாசினி ஆகியவை கண்ணில் பட்டால் யாரையும் தேடி ஓடாமல், உடனே சுத்தமான குளிர்ந்த நீரைக் கால்மணி நேரம் தொடர்ந்து ஊற்றுங்கள். அதன் பிறகு வைத்தியரைத் தேடலாம்.

எல்லாக் கண்நோயும் ஒன்றல்ல

கண்ணில் நீர் வடிந்தாலே தொற்றுநோய் என்று முடிவு செய்யக்கூடாது. நம் பக்கத்தில் வேறு நான்கு காரணங்களும் கவனிக்கத்தக்கவை.

கண்புழு: தெலாசியா என்ற இந்தப் புழு வெள்ளை நூல்போல, ஓரிரு சென்ரிமீற்றர் நீளமாக இருக்கும். மூக்குப் பக்கத்து மூலையிலுள்ள மூன்றாவது இமைக்கு அடியில் ஒளிந்திருக்கும். எருமையிலும் மாட்டிலும் வரும். இதைச் சுமந்துவருவதும் கண்ணீரைக் குடிக்கும் ஈதான். உப்புநீரால் கழுவும்போது சில வெளியே வரும். மீதியைத் தீர்க்கப் புழு மருந்து வேண்டும்.

மாலைக்கண்: பகலில் நன்றாக நடக்கும் மாடு, இருட்டத் தொடங்கியதும் கானில் விழுகிறதா? கட்டையில் மோதுகிறதா? விற்றமின் ஏ குறைந்திருக்கலாம். பச்சைத் தீனியிலுள்ள மஞ்சள் சத்தைத்தான் மாட்டின் உடம்பு விற்றமின் ஏயாக மாற்றிக்கொள்கிறது. வெயிலில் வெளுத்த வைக்கோலிலும் தவிட்டிலும் புண்ணாக்கிலும் அது மிகக் குறைவு. ஈரலில் உள்ள சேமிப்பு சில மாதங்களுக்குத் தாங்கும். அதனால்தான் வரட்சி தொடங்கும்போது அல்ல, வரட்சியின் முடிவில் நோய் தெரிகிறது. சினைப்பசுவுக்கு இந்தக் குறை இருந்தால் கன்று குருடாகவே பிறக்கலாம். கிளிரிசீடியா, முள்முருங்கை, குவாத்தமாலா புல் எதுவானாலும் தினமும் ஒரு கட்டுப் பச்சை கொடுங்கள். பிறந்த கன்றுக்குச் சீம்பாலைக் காசாக்காமல் குடிக்கவிடுங்கள். அதில் இந்தச் சத்து நிறைய உண்டு.

உண்ணிச்செடி: வேலியோரத்தில் பல நிறப் பூவோடு வளரும் நாயுண்ணிச் செடி. வேறு பச்சை கிடைக்காதபோது, முக்கியமாகப் புது இடத்துக்கு வந்த மாடு, இதைத் தின்றுவிடும். ஈரல் கெட்டு, கண்ணின் வெள்ளை மஞ்சளாகும். வெயில் பட்ட இடத்தில் வெள்ளைத் தோல் வெந்து உரியும். கண் வீங்கி நீர் கொட்டும். இது கண்ணில் மருந்து போட்டுத் தீர்வதல்ல. மாட்டை உடனே இருட்டான நிழலுக்குள் கொண்டுபோய், வைத்தியரை அழையுங்கள்.

கண்ணில் சதை வளர்தல்: ஐந்தாறு வயதைத் தாண்டிய, முகம் வெளுத்த கலப்பினப் பசுவின் இமையிலோ மூன்றாவது இமையிலோ இளஞ்சிவப்பான கட்டி தெரிந்தால், அது புற்றுநோயாக இருக்கலாம். பயறளவில் இருக்கும்போது வெட்டி எடுத்தால் பசு பிழைக்கும். முட்டை அளவானபின் பயனில்லை. பார்த்துக்கொண்டே இருக்காதீர்கள்.

ஆடு வளர்ப்போருக்கு

ஆட்டின் தொற்றுக் கண்நோய் பார்வைக்கு மாட்டினுடையதைப் போலவே இருக்கும். ஆனால் கிருமி வேறு. மைக்கோபிளாஸ்மா, கிளமிடியா என்ற கிருமிகள் காரணம். உதவித் திட்டங்களில் பல ஊர் ஆடுகளை வாங்கி ஒரே லொறியில் ஏற்றிக் கொண்டுவந்து பகிரும்போது, நோயும் சேர்ந்தே பகிரப்படுகிறது. புதிதாக வந்த ஆட்டை இரண்டு கிழமையாவது தனியாக வைத்துப் பார்த்த பிறகே மற்றவற்றோடு சேருங்கள். கிளமிடியாவில் சில வகை சினையாடுகளைக் கருச்சிதையவும் வைக்கும். அப்படிச் சிதைந்த கருவையும் நஞ்சுக்கொடியையும் கர்ப்பிணிப் பெண்கள் தொடவே கூடாது.

ஆட்டின் கண் இன்னொரு செய்தியும் சொல்லும். கீழ் இமையை மெதுவாக இழுத்து உட்புறத்தைப் பாருங்கள். நல்ல சிவப்பா, இளஞ்சிவப்பா, வெள்ளைக் காகிதம் போலவா? வெளுத்திருந்தால் பெரும்பாலும் வயிற்றில் இரத்தம் குடிக்கும் புழு இருக்கிறது. 1990களில் தென்னாபிரிக்காவில் மிருக வைத்தியர்கள் இந்த நிறங்களை ஐந்து படிகளாகப் பிரித்து, பமாச்சா என்ற ஓர் அட்டையாக ஆக்கினார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவரும் அதைப் பயன்படுத்தலாம். எல்லா ஆட்டுக்கும் மருந்து ஊற்றாமல், வெளுத்த ஆட்டுக்கு மட்டும் ஊற்றினால் காசும் மிச்சம். மருந்தின் வலிமையும் விரைவில் குறையாது. கிழமைக்கு ஒருமுறை இமையைப் பார்க்கும் பழக்கத்தைப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுங்கள்.

மாட்டுக்கும் இப்படியே. இமை வெளுத்தோ மஞ்சளாகவோ இருந்து காய்ச்சலும் இருந்தால் உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம். கழிச்சலில் விழுந்த கன்றின் கண் குழிக்குள் போய்விட்டால், உடம்பில் நீர் வற்றிவிட்டது என்று பொருள். அது அன்றைக்கே கவனிக்கவேண்டிய அவசரம்.

கோழிக்கூட்டில்

காலையில் கூட்டைத் திறந்து தலையைக் கோழியின் உயரத்துக்குக் குனிந்து பாருங்கள். உங்கள் கண் எரிகிறதா? அப்படியானால் இரவு முழுவதும் கோழியின் கண்ணும் எரிந்திருக்கிறது. நனைந்த எச்சத்திலிருந்து எழும் அமோனியா வாயுதான் காரணம். ஈரமான உமியை மாற்றி, கூட்டின் மேல்பகுதியில் காற்றோட்டம் விடுங்கள். மருந்து தேவையில்லை.

முகம் வீங்கி, மூக்கு ஒழுகி, நாற்றமும் இருந்தால் அது தொற்றுச் சளிநோய். இமையிலும் கொண்டையிலும் கருஞ்சிரங்கு இருந்தால் கோழி அம்மை. இது நுளம்பால் பரவுவது, தடுப்பூசி உண்டு. கண்ணுக்குள் பாற்கட்டி போலத் திரண்டிருந்தால் விற்றமின் ஏ குறைவாக இருக்கலாம். நறுக்கிய கீரையைத் தினமும் போடுங்கள். கண் வீங்கியதோடு பச்சைக் கழிச்சலும், கழுத்துத் திருகலும், திடீர்ச் சாவும் இருந்தால் ராணிக்கட் நோயாக இருக்கலாம். உடனே அறிவியுங்கள். அந்தக் கோழிகளை விற்கவோ அயலாருக்குக் கொடுக்கவோ வேண்டாம்.

நாயும் பிள்ளைகளும்

இடம்பெயர்ந்த குடியிருப்பில் நாய்களும் நம்மோடு வந்துவிடுகின்றன. நாய்க்குட்டியின் வயிற்றுப் புழுவின் முட்டை மண்ணில் கலக்கும். அழுக்குக் கையோடு சாப்பிடும் பிள்ளையின் உடம்புக்குள் போய், அரிதாகக் கண்ணைத் தாக்கிப் பார்வையைக் கெடுக்கும். நாயின் தோலுக்கடியில் வாழும் டைரோபிலேரியா என்ற புழு, நுளம்பு வழியாக மனிதரின் கண்ணோரத்திலும் வந்து நிற்பதுண்டு. இலங்கையில் இது பலமுறை பதிவாகியிருக்கிறது. நாய்களைத் துரத்துவது தீர்வல்ல. குட்டிகளுக்குப் புழு மருந்து கொடுங்கள், எச்சத்தைப் புதையுங்கள், பிள்ளைகளைக் கை கழுவவையுங்கள்.

ஈயைக் குறைப்பது

இவ்வளவு நோய்களிலும் ஈ திரும்பத் திரும்ப வருவதைக் கவனித்திருப்பீர்கள். சாணத்தில் இட்ட முட்டை, சூடான காலத்தில் ஒரு கிழமை பத்து நாளில் பறக்கும் ஈயாகிறது. ஆகவே கிழமைக்கு இரண்டு முறையாவது கொட்டிலைச் சுத்தமாக வழித்து, சாணத்தைத் தூரத்தில் குவித்து, தறப்பாளால் இறுக்கி மூடினால், உள்ளே எழும் சூட்டில் புழுக்கள் செத்துவிடும். எருவும் நல்ல எருவாகும். மாட்டின் நெற்றியில் கிழிந்த சாக்கை நாடா நாடாகக் கட்டித் தொங்கவிட்டால், தலையை ஆட்டும்போது ஈ அண்டாது. அந்தியில் புகை போடும் வழக்கம் நல்லதுதான். ஆனால் மூடிய கொட்டிலுக்குள் புகையை நிறைத்தால் அதுவே கண்ணை எரிக்கும். காற்று வரும் பக்கத்தில் வெளியே போடுங்கள்.

பதினொரு குடும்பங்களின் கொட்டிலில் நாங்கள் கடைசியில் செய்ததும் இதுதான். ஒவ்வொரு குடும்பமும் முறைவைத்துச் சாணம் வழித்தது. இரண்டு தட்டிகள் கட்டினோம். தண்ணீர் வாளியையும் கயிற்றையும் மாட்டுக்கு ஒன்றாக்கினோம். பெரிய செலவு எதுவும் இல்லை. முதல் நாளே செய்திருந்தால் செவலைக்கு இரண்டு கண்ணும் இருந்திருக்கும்.

வைத்தியரிடம் சொல்லவேண்டியவை

மலைப்பாதையில் வைத்தியர் வந்து சேர நேரமாகும். கேள்விக்குப் பதில் தயாராக இருந்தால் அவர் வரும்போதே சரியான மருந்தோடு வருவார். எந்தக் கண், எந்த நாள் தொடங்கியது, கொட்டிலில் எத்தனை மாடு, அவற்றில் எத்தனைக்கு நோய், காய்ச்சல் உண்டா, சினையா, பால் கறக்கிறதா, இதுவரை கண்ணில் என்ன போட்டீர்கள் என்பவற்றை ஒரு துண்டில் எழுதிவையுங்கள். கடைசிக் கேள்விக்கு உண்மையைச் சொல்லுங்கள். புகையிலை போட்டிருந்தால் புகையிலை என்றே சொல்லுங்கள். வைத்தியரிடம் குழாயைக் காட்ட எனக்கும் வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் காட்டியதால்தான் மற்ற ஐந்து மாடுகளுக்கும் அந்தக் களிம்பு போகாமல் நின்றது. கண்ணின் படத்தைக் கைத்தொலைபேசியில் எடுத்து அனுப்ப முடிந்தால் இன்னும் நல்லது.

ஒற்றைக் கண் மாடு

ஒரு கண் போனதும், கிடைத்த விலைக்குத் தள்ளிவிடலாம் என்று வியாபாரிகள் தேடி வருவார்கள். அவசரப்படாதீர்கள். ஒரு கண் இல்லாவிட்டாலும் பசு கன்று போடும், பால் கறக்கும். குருடான பக்கம் சுவரை நோக்கி இருக்கும்படி கட்டுங்கள். தெரியும் பக்கத்திலிருந்து, குரல் கொடுத்துக்கொண்டே அருகில் போங்கள். இல்லாவிட்டால் பயந்து உதைக்கும். கானும் பள்ளமும் உள்ள சரிவில் அவிழ்த்துவிடாதீர்கள். தீனியையும் தண்ணீரையும் இடம் மாற்றாமல் வையுங்கள். உடைந்த கண் ஆறாமல் சீழ் வடிந்துகொண்டிருந்தால், வைத்தியர் அதை மரக்கச்செய்து எடுத்து இமையைத் தைத்துவிடுவார். அதன்பின் மாட்டுக்கு வேதனை இல்லை.

செவலையை விற்கவேண்டாம் என்று பாட்டி தீர்மானித்தார். அடுத்த மாரியில் அது ஒரு கிடாரிக் கன்று போட்டது. நான் போகும்போதெல்லாம் பாட்டி கன்றின் இரண்டு இமைகளையும் இழுத்துக் காட்டுவார். "நல்லாச் செவப்பா இருக்குங்களா சாமி?" என்று கேட்பார். "நல்லாயிருக்குங்க பாட்டி" என்பேன். இப்போது என் பையில் கண் களிம்பு எதுவும் இல்லை. உப்புப் பொட்டலமும், மிருக வைத்திய அலுவலகத்தின் தொலைபேசி எண்ணும் இருக்கின்றன.

இன்று மாலை மாட்டுக்குத் தண்ணீர் காட்டும்போது, ஒரு நிமிடம் நின்று அதன் இரண்டு கண்களையும் பாருங்கள். கன்னம் நனைந்திருந்தால், நாளை வரை காத்திருக்க வேண்டாம்.